வெளிச்சத்துக்குத் தப்பிய செல்கள்: வாசகர் கேள்விகளும் ஆய்வகப் பாட்டியின் பதில்களும்

போன மாதம் இந்தப் பகுதியில் ஒளியியக்க சிகிச்சையைப் பற்றிப் பத்து வரி எழுதியிருந்தேன். புற்றுக்கட்டிக்கு ஒரு மருந்தைக் கொடுத்து, அது கட்டியில் சேர்ந்ததும் அங்கே வெளிச்சம் பாய்ச்சுகிற வைத்தியம் அது. டாக்டர்கள் பி.டி.டி. என்பார்கள். கடைசி வரியில் ‘ஆனால் சில செல்கள் நைட்ரிக் ஆக்சைடு தயாரித்துத் தப்பிக்கப் பார்க்கின்றன’ என்று எழுதி, இடமில்லாமல் அங்கேயே நிறுத்திவிட்டேன். சீரியல் போல இழுத்தடிக்கிறீர்களே என்று ஒரு வாசகி திட்டியே எழுதிவிட்டார். ஆசிரியர் இரக்கப்பட்டு இந்த முறை கூடுதல் பக்கம் கொடுத்திருக்கிறார்.

கேள்வி: ‘சிவப்பு வெளிச்சம் பட்டதும் புற்றுச் செல் செத்துவிடுகிறது’ என்று எழுதியிருந்தீர்கள். சிவப்பு ஒளிக்கு ஒரு செல்லைக் கொல்லும் ஆற்றல் ஏது மேடம்? அப்படியானால் சிக்னலில் நிற்கிறவர்கள் கதி என்ன?
— ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், காரைக்குடி

பதில்: பிடித்துவிட்டீர்கள் சார். அவசரத்தில் எழுதிய வரி அது. வெளிச்சம் தனியாக ஒன்றும் செய்யாது, மருந்தும் தனியாக ஒன்றும் செய்யாது. இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும், அங்கே ஆக்சிஜனும் இருக்க வேண்டும். ஒளியுணர் மருந்தின் மூலக்கூறு வெளிச்சத்தை விழுங்கி, அந்த ஆற்றலைப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனிடம் தள்ளிவிடுகிறது. வாங்கிக்கொண்ட ஆக்சிஜன் அதற்கு மேல் சாதுவாக இருக்காது. அதற்கு சிங்லெட் ஆக்சிஜன் என்று பெயர். செல்லுக்குள் அதற்கு ஆயுள் ஒரு நொடியில் லட்சக்கணக்கில் ஒரு பங்குதான், பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போகவும் முடியாது. ஆனால் அதற்குள் எதிர்ப்பட்ட கொழுப்பையும் புரதத்தையும் கடித்து வைத்துவிடும். கொல்கிற வேலை ஆக்சிஜனுடையது. சிக்னலில் நிற்கிறவர்கள் உடம்பில் அந்த மருந்து இல்லை, ஆகவே பயமில்லை.

சிவப்பு ஏன் என்பதற்கு ஒரு சின்ன சோதனை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சின் மேல் விரலை வையுங்கள். போவது வெள்ளை வெளிச்சம், மறுபக்கம் வருவது சிவப்பு மட்டும். மற்ற நிறங்களை ரத்தமும் சதையும் குடித்துவிடுகின்றன. அதனால்தான் 630 நானோமீட்டர் பக்கத்துச் சிவப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதுவும் சுமார் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்காது. தோல், உணவுக்குழாய், மூச்சுக்குழாய் போல வெளிச்சத்தைக் கொண்டுபோக முடிந்த இடங்களுக்குத்தான் இந்த வைத்தியம்.

சாயமும் வெளிச்சமும் சேர்ந்தால் உயிரைக் கொல்லும் என்பதை முதலில் கவனித்தவர், ஜெர்மனியின் மியூனிக்கில் ஹெர்மன் ஃபான் டாப்பைனர் என்ற பேராசிரியரிடம் படித்த ஆஸ்கர் ராப் என்ற மாணவர். அக்ரிடின் சாயத்தில் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிர்களைப் போட்டு, எவ்வளவு நேரத்தில் சாகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதே சாயம், அதே அளவு. ஆனால் ஒரு நாள் சீக்கிரம் செத்தன, இன்னொரு நாள் நெடுநேரம் நீந்திக்கொண்டிருந்தன. வித்தியாசம் அறைக்குள் வந்த வெளிச்சத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து 1900ல் வெளியிட்டார்.

எனக்கும் ஒரு ராப் அனுபவம் உண்டு. ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருடம், மருந்து ஊற்றிய தட்டுகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்து, அலுமினியத் தாள் சுற்ற மறந்து, கிழக்கு ஜன்னலோரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து வேலையை முடித்து மறுநாள் பார்த்தால், வெளிச்சமே காட்டக்கூடாத கண்ட்ரோல் தட்டிலும் செல்கள் செத்து மிதந்தன. ஆறு வார வேலை போச்சு. அன்றைக்கு எனக்கு ராப் ஞாபகம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அன்றிலிருந்து சமையலறையில் அலுமினியத் தாளைப் பார்த்தாலும் கை பரபரக்கும்.

கேள்வி: நைட்ரிக் ஆக்சைடு என்றால் பல் டாக்டர் கொடுக்கிற சிரிப்பு வாயுதானே?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: இல்லை. அது நைட்ரஸ் ஆக்சைடு, அதில் நைட்ரஜன் இரண்டு. இதில் நைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று, அவ்வளவுதான். வண்டிப் புகையிலும் இருக்கிறது, உங்கள் ரத்தக்குழாயின் உட்சுவரிலும் இருக்கிறது. சிரிப்பு வராது.

கேள்வி: மேக்ரோஃபேஜ் செல்கள் நைட்ரிக் ஆக்சைடை உமிழ்ந்து புற்றுச் செல்களைக் கொல்கின்றன என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. நீங்களோ புற்றுச் செல் அதே நைட்ரிக் ஆக்சைடை வைத்துத் தப்பிக்கிறது என்கிறீர்கள். பரீட்சையில் எதை எழுதுவது?
— எம்.எஸ்சி. மாணவர், திருச்சி

பதில்: பரீட்சையில் பாடத்தில் இருப்பதை எழுதிவிடுங்கள் தம்பி. மார்க் வாங்கிக்கொண்டு வந்து மீதியைப் படியுங்கள்.

இரண்டும் உண்மை. வித்தியாசம் அளவில் இருக்கிறது. மேக்ரோஃபேஜ் என்பது கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல். அது சண்டைக்கு வரும்போது மைக்ரோமோலார் என்ற செறிவுக் கணக்கில் கொட்டுகிறது. அந்த அளவில் நைட்ரிக் ஆக்சைடு, சூப்பராக்சைடு என்ற முரட்டு வகை ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சிநைட்ரைட் ஆகிறது. அது முரட்டுப் பொருள், டி.என்.ஏ.வையும் விட்டுவைக்காது. புற்றுச் செல் தனக்காகத் தயாரித்துக்கொள்வது நானோமோலார் கணக்கு, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் நிற்கிறது. அந்தச் சொற்ப அளவு அதற்கு மருந்து மாதிரி. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். புற்றுச் செல்லுக்கு அந்தப் பழமொழி அப்படியே பொருந்தும். நமக்குத்தான் அதைத் தலைகீழாகப் படிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது கொஞ்சமாக இருக்கும்போதுதான் நமக்கு ஆபத்து.

சரி, எங்கிருந்து வருகிறது? ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை எடுத்து, நாஸ் என்ற நொதி அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடைப் பிரித்தெடுக்கிறது. மிச்சம் சிட்ருலின். நாஸ் மூன்று வகை. நரம்பில் ஒன்று, ரத்தக்குழாய் உட்சுவரில் ஒன்று. இரண்டும் எப்போதும் வேலையில் இருப்பவை, தேவைக்குத் துளித்துளியாகத் தருபவை. மூன்றாவது ஐ-நாஸ். சாதாரணமாகத் தூங்கிக்கொண்டிருக்கும், செல்லுக்கு ஏதாவது அடி விழுந்தால்தான் எழுந்திருக்கும். ஆனால் பல புற்றுக்கட்டிகளில் சிகிச்சைக்கு முன்பே அது அரைத்தூக்கத்தில் இருக்கிறது.

அமெரிக்காவின் மில்வாக்கியில் இருக்கும் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஆல்பர்ட் ஜிராட்டி என்ற விஞ்ஞானியின் குழு இதைப் பல வருடங்களாகத் துருவியிருக்கிறது. மனித மார்பகப் புற்றுச் செல்களுக்கு அமினோலெவுலினிக் அமிலம் கொடுத்தார்கள். அது மருந்து இல்லை, மருந்தின் மூலப்பொருள். நம் ரத்தத்தின் சிவப்பு நிறத்துக்குக் காரணமான ஹீம் தயாராகிற வழியில் அது ஒரு படி. செல் அதை வாங்கி, மைட்டோகாண்ட்ரியாவில் புரோட்டோபார்ஃபிரின்-9 ஆக்கிக்கொள்கிறது. அதுதான் ஒளியுணர் பொருள். புற்றுச் செல் தன் கையாலேயே தன் வெடிமருந்தைத் தயாரிக்கிறது என்று நான் வகுப்பில் சொல்வேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அப்புறம் வெளிச்சம். நிறைய செல்கள் செத்தன. ஆனால் சில மணி நேரத்தில் ஐ-நாஸ் ஏறியது, ஏறியது அப்படியே நின்றது. அந்த ஐ-நாஸை மட்டும் தடுக்கிற 1400டபிள்யூ என்ற பொருளைச் சேர்த்தபோது இன்னும் அதிகம் செல்கள் செத்தன. நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்து விழுங்குகிற வேறொரு பொருளைச் சேர்த்தாலும் அதே கதை. ஆகவே அடிபட்ட செல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது நைட்ரிக் ஆக்சைடுதான் என்று தெரிந்தது.

எப்படிக் காப்பாற்றுகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சிங்லெட் ஆக்சிஜன் செல்சவ்வின் கொழுப்பைக் கடித்ததும், எண்ணெய் காறல் வீசுமே, அதே வேதிவினை செல்லுக்குள் தொடங்குகிறது. ஒரு கொழுப்பு மூலக்கூறு கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும், அது அதற்கடுத்ததை. இந்தச் சங்கிலியின் நடுவில் நைட்ரிக் ஆக்சைடு புகுந்து, கெட்டுப்போன மூலக்கூறோடு ஒட்டிக்கொண்டு ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. இது முதல் உதவி. அடுத்தது கேஸ்பேஸ். செல் தற்கொலை செய்துகொள்ளும்போது தன்னைத்தானே துண்டு போடப் பயன்படுத்தும் கத்தரிக்கோல் அது. கத்தரிக்கோலின் கூர் இருக்கும் இடத்தில் ஒரு கந்தக அணு உண்டு. நைட்ரிக் ஆக்சைடு அங்கே போய் ஒட்டிக்கொண்டால் கத்தரிக்கோல் வெட்டாது. மூன்றாவது, ‘சாகாதே, பிழைத்துக்கொள்’ என்கிற சமிக்ஞைகள். ஆக்ட் என்ற புரதம் விழித்துக்கொள்கிறது, சாவுக்குத் தூண்டும் ஜே.என்.கே. அடங்குகிறது, சர்வைவின் என்ற புரதம் கூடுகிறது. பெயரைப் பார்த்தீர்களா, வேலையைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள்.

இதற்கு எதிராகவும் ஆய்வுகள் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் நான் பாதி சொன்னவள் ஆவேன். 1998ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. தாலோசயனின் வகை மருந்தை வைத்துச் செய்த ஆய்வு. வெளிச்சம் பட்ட சில விநாடிகளிலேயே நைட்ரிக் ஆக்சைடு வந்தது, அது செல் சாவதற்குத் துணை போகிறது என்றார்கள். மில்வாக்கியில் காப்பாற்றியது இங்கே கொல்கிறதா? மருந்து வேறு, செல் வேறு. அதைவிட முக்கியம் நேரம். விநாடிகளில் வருவது ஏற்கெனவே இருந்த நொதியின் வேலையாகத்தான் இருக்க முடியும். ஐ-நாஸ் புதிதாகத் தயாராகி வர மணிக்கணக்கில் ஆகும். இரண்டையும் ஒரே தராசில் போட்டு ‘முரண்பாடு’ என்று எழுதியவர்களிடம் எனக்கு அந்தக் காலத்திலேயே கோபம்.

இத்தாலியின் உதினே நகரில் வாலன்டினா ரப்போட்ஸியின் குழு, லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் பெஞ்சமின் பொனாவிடாவோடு சேர்ந்து அளவுக் கணக்கைத் தெளிவாக்கியது. வெளிச்ச சிகிச்சை பலவீனமாக இருந்தால் கொஞ்சம் நைட்ரிக் ஆக்சைடு வந்து, என்.எஃப்.-கப்பா.பி., ஸ்னெய்ல் என்ற புரதங்களின் பிழைப்புச் சங்கிலியை முடுக்கிவிடுகிறது. சிகிச்சை பலமாக இருந்து நிறைய வந்தால் அதே சங்கிலி அறுந்துபோகிறது. அதனால் அவர்கள் ஒளியுணர் மருந்தோடு நைட்ரிக் ஆக்சைடு கொடுக்கும் பொருளையும் சேர்த்துக் கட்டிப் பார்த்தார்கள். ஜிராட்டி தடுக்கச் சொல்கிறார், ரப்போட்ஸி கொட்டச் சொல்கிறார். இரண்டு பேரும் நடுவில் நிற்கிற அந்தச் சொற்ப அளவுக்குத்தான் எதிரிகள்.

கேள்வி: ‘செல் தப்பிக்கப் பார்க்கிறது’ என்கிறீர்களே, செல்லுக்கு மூளையா இருக்கிறது? பலசாலியான சில செல்கள் பிழைத்தன, நோஞ்சான்கள் செத்தன, அவ்வளவுதானே? இதற்கு ஏன் இவ்வளவு கதை?
— மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

பதில்: நல்ல கேள்வி அண்ணாச்சி. ஆய்வகத்திலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். மூளை இல்லை. ‘பார்க்கிறது’ என்பது என் வாய்ப்பழக்கம், மன்னியுங்கள்.

ஆனால் ‘பலசாலி பிழைத்தான்’ என்று மட்டும் முடித்துவிட முடியாது. புராஸ்டேட் புற்றுச் செல்களை வைத்து ஜிராட்டி குழுவில் ஜோனதன் ஃபாஹே என்பவர் செய்த வேலை இருக்கிறது. வெளிச்சத்துக்குத் தப்பிய செல்களை எடுத்து அவை எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்தார். அடிபடாத செல்களைவிட வேகமாகப் பெருகின, வேகமாக நகர்ந்தன, ஜெல் போன்ற தடுப்பைத் துளைத்துக்கொண்டு போயின. வழியில் இருக்கும் இணைப்புத் திசுவை அரித்துப் பாதை போடுகிற எம்.எம்.பி.-9 என்ற நொதியும் அவற்றில் கூடியிருந்தது. ஐ-நாஸைத் தடுத்ததும் இந்த வேகம் குறைந்துவிட்டது. அதே பிழைத்த செல்கள்தான். பிறவியிலேயே பலசாலிகள் என்றால் நைட்ரிக் ஆக்சைடை நிறுத்தியதும் ஏன் சோர்ந்துபோக வேண்டும்?

அதற்கடுத்த சோதனை இன்னும் சாமர்த்தியமானது. செல்கள் வளரும் தட்டில், வளையல் மாதிரி ஒரு வளையத்தை வைத்தார்கள். விளிம்பில் சிலிக்கோன், திரவம் கசியாது. வளையத்துக்கு ஒரு பக்கம் உள்ள செல்களுக்கு மட்டும் மருந்து. மறுபக்கத்துச் செல்களுக்கு மருந்தே கிடையாது. தட்டு முழுவதும் வெளிச்சம் காட்டினார்கள். மருந்து வாங்கியவை அடிபட்டன, வாங்காதவை வெளிச்சத்தில் சும்மா இருந்தன. பிறகு வளையத்தை எடுத்துவிட்டார்கள். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், அடியே படாத செல்களும் வேகமாகப் பெருகவும் ஓடவும் ஆரம்பித்திருந்தன. அவற்றிலும் ஐ-நாஸ் ஏறியிருந்தது. அடிபட்ட பக்கத்தில் ஐ-நாஸைத் தடுத்தால் இந்தப் பக்கத்து ஆட்டமும் அடங்கியது. நைட்ரிக் ஆக்சைடு வாயு, மின்சுமை இல்லாதது, செல்சவ்வை லட்சியமே செய்யாமல் ஊடுருவிப் போகும். உங்கள் கடையில் தீப்பிடித்தால் புகை பக்கத்துக் கடைக்கும் போகும் இல்லையா, அப்படி. ஆனால் இங்கே புகை வாங்கின பக்கத்துக் கடைக்காரர் வியாபாரத்தை இரட்டிப்பாக்குகிறார், அதுதான் வேதனை.

வெளிச்சம் ஓரங்களுக்கு மங்கலாகத்தான் போய்ச் சேரும், மருந்தும் எல்லா மூலைக்கும் ஒரே மாதிரி பரவாது. ஆகவே நிஜக் கட்டியிலும் இப்படி அரைகுறையாக அடிபட்டவையும் அடியே படாதவையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கத்தான் செய்யும். நான் வேலை பார்த்த காலத்தில் எத்தனை சதவீதம் செத்தது என்பதைத்தான் பெருமையாகக் கரும்பலகையில் எழுதுவோம். 90 என்றால் ஸ்வீட் வாங்குவோம். மீதி பத்து என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் சிகிச்சையின்போதே நைட்ரிக் ஆக்சைடைத் தடுக்கும் மருந்தையும் கொடுத்துவிடலாமே?
— செவிலியர், மதுரை

பதில்: எலிகளில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் சிஸ்டர். மனித மார்பகப் புற்றுக்கட்டியை எலியின் தோலடியில் வளர்த்து, வெளிச்ச சிகிச்சை கொடுத்து, கூடவே 1400டபிள்யூ கொடுத்தபோது கட்டி வளர்வது இன்னும் மெதுவானது. ஜி.டபிள்யூ.274150 என்ற இன்னொரு தடுப்பானும் அப்படியே. மூளைப் புற்றான கிளியோபிளாஸ்டோமா செல்களில், ஐ-நாஸ் தயாராவதையே முளையில் கிள்ளுகிற ஜே.கியூ.1 என்ற பொருளும் வேலை செய்தது.

இதற்கும் முன்னால், 1999, 2000 வாக்கில், அமெரிக்காவின் பஃபலோ நகரில் பார்பரா ஹெண்டர்சனும் கனடாவின் வான்கூவரில் ம்லாடன் கோர்பெலிக்கும் வேறு கோணத்தில் பார்த்தார்கள். நைட்ரிக் ஆக்சைடு ரத்தக்குழாயை விரிக்கும். இந்த சிகிச்சை நன்றாக வேலை செய்தால் கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அடைபட்டுக் கட்டி பட்டினி கிடக்கும். விரிப்பானை நிறுத்தினால் அடைப்பு எளிதாகும். கோர்பெலிக்கின் எலிகளில் நைட்ரிக் ஆக்சைடு நிறையச் செய்கிற கட்டிகளில்தான் இந்தத் தந்திரம் பலித்தது, குறைவாகச் செய்பவற்றில் பெரிதாகப் பலனில்லை. ஆகவே எல்லோருக்கும் ஒரே மருந்துச் சீட்டு எழுத முடியாது, முதலில் கட்டியை அளந்து பார்க்க வேண்டும்.

மனிதர்களுக்குக் கொடுக்கலாமா என்றால், ஜி.டபிள்யூ.274150ஐ ஒற்றைத் தலைவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் ஏற்கெனவே ஆட்களிடம் சோதித்திருக்கிறார்கள். அந்த நோய்களுக்குப் பலன் தரவில்லை, அலமாரிக்குப் போய்விட்டது. அதைத் தூசி தட்டி எடுக்கலாம் என்பதுதான் ஜிராட்டியின் வாதம். எனக்கும் அது நியாயமாகப் படுகிறது. ஹூஸ்டனில் மூன்று ஏற்பிகளும் இல்லாத மார்பகப் புற்றுக்கு, நாஸ் தடுப்பான் ஒன்றை டோசிடாக்சல் என்ற புற்று மருந்தோடு சேர்த்து நோயாளிகளுக்குக் கொடுத்து, 2021ல் முடிவை வெளியிட்டார்கள். அது வெளிச்ச சிகிச்சை இல்லை, கீமோ. ஆனால் ஒரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும்: கூடவே அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரையும் கொடுத்தார்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும். ரத்தக்குழாயை விரிக்கிற பொருளைத் தடுத்தால் பி.பி. ஏறாமல் என்ன செய்யும்?

வெளிச்ச சிகிச்சையோடு சேர்த்துத் தருவது இன்னும் எலிக்கூண்டைத் தாண்டவில்லை.

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. இதயத்துக்கு சார்பிட்ரேட் போடுகிறார், தினம் பீட்ரூட் ஜூஸும் குடிக்கிறார். இரண்டும் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டும் என்று படித்தேன். உங்கள் பத்து வரியைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. நிறுத்திவிடலாமா?
— ஒரு மகள், திருநெல்வேலி

பதில்: நிறுத்தவே நிறுத்தாதீர்கள் அம்மா. உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததற்கு என்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் சட்டைப்பையிலும் அந்த மாத்திரை எப்போதும் உண்டு, துவைக்கப் போடும்போது எடுத்து வைப்பது என் வேலை.

சார்பிட்ரேட் ரத்தக்குழாய்ச் சுவரில் நைட்ரிக் ஆக்சைடாக மாறி அதைத் தளர்த்துகிறது. பீட்ரூட்டில் இருக்கும் நைட்ரேட்டை வாயில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட் ஆக்குகின்றன, உடம்பு அதிலிருந்து கொஞ்சம் நைட்ரிக் ஆக்சைடு எடுத்துக்கொள்கிறது. நான் எழுதியது, வெளிச்சத்தில் அடிபட்ட புற்றுச் செல் தன் உள்ளேயே, தன் நொதியால், அடுத்த சில மணி நேரத்துக்குத் தயாரிப்பதைப் பற்றி. அதையும் இதையும் முடிச்சுப் போட்டு அப்பாவின் நெஞ்சுவலி மாத்திரையைப் பிடுங்கினால், இல்லாத ஆபத்துக்குப் பயந்து இருக்கிற ஆபத்தை வீட்டுக்குள் கூப்பிடுவதாகும்.

ஒரு சுவாரசியமான விஷயம். டைனமைட் செய்த ஆல்ஃபிரட் நோபலுக்குக் கடைசிக் காலத்தில் இதயக் கோளாறு. டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மருந்து நைட்ரோகிளிசரின், அவர் வெடியில் போட்ட அதே சரக்கு. விதியின் கேலியைப் பார் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். அது ஏன் வேலை செய்கிறது என்பது நூறு வருடத்துக்குப் பிறகே முழுசாகப் புரிந்தது. நைட்ரிக் ஆக்சைடின் வேலையைக் கண்டுபிடித்த ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் 1998ல் பரிசு கொடுத்தார்கள். யார் பெயரில் என்று சொல்லத் தேவையில்லை.

கேள்வி: மருந்தும் வெயிலும் சேர்ந்த வைத்தியம் நம் சித்த மருத்துவத்தில் எப்போதோ இருக்கிறதே. வெண்குஷ்டத்துக்குக் கார்போக அரிசி பூசி வெயிலில் உட்கார வைப்பார்களே. வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததாக ஏன் எழுதுகிறீர்கள்?
— ஒரு வாசகர், பழனி

பதில்: கார்போக அரிசியில் சோராலென் வகைப் பொருள் இருப்பது உண்மை. தோல் டாக்டர்கள் இன்றும் சோராலெனையும் புற ஊதா ஒளியையும் சேர்த்து வைத்தியம் பார்க்கிறார்கள். நம் பெரியவர்கள் கவனித்தது சரியான கவனிப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அது வேறு வழி. சோராலென் வெளிச்சம் பட்டதும் தானே டி.என்.ஏ.வில் போய்ப் பூட்டிக்கொள்கிறது, அந்தப் பூட்டுக்கு ஆக்சிஜன் தேவையில்லை. இங்கே ஆக்சிஜன் இல்லாவிட்டால் கதையே இல்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுக்கும் மரியாதை இல்லை. இன்னொன்று, யாரையும் கேட்காமல் பூசிக்கொண்டு வெயிலில் உட்காராதீர்கள், கொப்புளம் கட்டும்.

கேள்வி: ஆன்லைனில் சிவப்பு எல்.இ.டி. விளக்கு விற்கிறார்கள். வீட்டிலேயே கட்டிக்குக் காட்டலாமா?
— பெயர் வேண்டாம், கோவை

பதில்: கூடாது. கட்டி இருந்தால் டாக்டரிடம் போங்கள். இன்றைக்கே.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் அக்காவுக்கு உணவுக்குழாய்ப் புற்றுக்கு இந்த சிகிச்சை தரப்போகிறார்களாம். ஃபோட்டோஃப்ரின் ஊசியாம். நைட்ரிக் ஆக்சைடெல்லாம் எனக்குப் புரியவில்லை பாட்டி. அக்கா என்ன ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், அதை மட்டும் சொல்லுங்கள்.
— தங்கை, தஞ்சாவூர்

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், கடைசியில் வைத்திருக்கிறேன், இது நிதானமாகச் சொல்ல வேண்டியது.

ஃபோட்டோஃப்ரின் புது மருந்து இல்லை. கனடாவில்தான் 1993ல் முதன்முதலாக அனுமதி கிடைத்தது, சிறுநீர்ப்பைப் புற்றுக்கு. அமெரிக்காவில் 1995ல் உணவுக்குழாய்ப் புற்றுக்கு. ஊசி போட்டு இரண்டு நாள் போல விட்டு, உள்ளே குழாய் விட்டு வெளிச்சம் காட்டுவார்கள். கட்டியில் தங்கும் மருந்து தோலிலும் தங்கும், அதுதான் தொல்லை. 1912ல் ஃபிரீட்ரிக் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மன் டாக்டர், இதன் தாத்தாவான ஹெமட்டோபார்ஃபிரினை 200 மில்லிகிராம் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு வெயிலில் போனார். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கிவிட்டது, வெயில் ஆகாத நிலை வெகுநாள் நீடித்தது.

அக்கா குறைந்தது 30 நாள் வெயிலில் நேராகப் படக்கூடாது. ஊசிக்குப் போகும்போதே முழுக்கைச் சட்டை, கையுறை, அகலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போகட்டும். சன்ஸ்கிரீன் க்ரீமை நம்ப வேண்டாம். அது புற ஊதாக் கதிருக்கானது, இங்கே சுடப்போவது கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம். பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் வெளிச்சம்தான், அங்கே குளிர்காலமாக இருந்தால் அதையும் ஞாபகப்படுத்துங்கள். பல் டாக்டரின் விளக்கு, ஆபரேஷன் தியேட்டர் விளக்கு எதுவானாலும் முதலில் ஊசி விஷயத்தைச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு கிளிமெபிரைட், பி.பி.க்கு தையசைடு வகை மாத்திரை, டாக்சிசைக்ளின், இப்படி எது சாப்பிட்டாலும் பட்டியலை டாக்டரிடம் கொடுக்கட்டும். இவையும் தோலை வெளிச்சத்துக்குக் கூச வைக்கக்கூடியவை.

அதற்காகத் திரையை இழுத்துவிட்டு இருட்டறையில் கிடக்கவும் கூடாது. வீட்டு விளக்கின் சாதாரண வெளிச்சம் படப்பட, தோலில் மிச்சமிருக்கும் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து போகும். ஜன்னலோர வெயிலையும் பளீரென்ற விளக்குக்கு நேர் கீழே உட்காருவதையும் மட்டும் தவிர்த்தால் போதும். ஹாலில் உட்கார்ந்து உங்களோடு போனில் தாராளமாகப் பேசலாம்.